அத்தையின் தாடையில் குத்திய கெளுத்தி முள்

எங்கள் குப்பத்தில் முதன்முதலாக பியூட்டி பார்லர் நடத்தியவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய ஃபைபர் போட்டின் மறைவுதான் கடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆண்கள் கடலிலிருந்து வந்து சோறு தின்று குறட்டை விடுகிற நேரத்தில் கடை திறக்கும். வாடிக்கையாளர் ஒரே ஒருவர். என் அத்தை, அதாவது நான் நைனா என்று கூப்பிடுகிற என் அப்பாவின் தங்கை.

அத்தைக்குத் தாடி முளைத்தது. சுற்றி வளைத்துச் சொல்வானேன்? பூனை முடி என்று சமாதானம் சொல்லிக்கொள்கிற அளவு இல்லை. தாடைக்கு அடியிலும் கன்னத்து ஓரங்களிலும் கறுப்பாக, கெட்டியாக வரும். பிடுங்கினால் சில நாளில் மறுபடி தலை நீட்டும். பதினேழு வயதில் ஆரம்பித்ததாம். எனக்கு விவரம் தெரிந்தபோது அவளுக்கு இருபத்து நாலு. எந்நேரமும் தலையோடு சேர்த்துத் தாடையையும் மூடி ஒரு டவல் கட்டியிருப்பாள். மீன் விற்கப் போகிற பெண்கள் எல்லோரும் வெயிலுக்கு டவல் கட்டுகிற ஊர் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அத்தை மழையிலும் கட்டியிருந்தாள். வீட்டுக்குள் அடுப்புக்கு முன்னால் உட்காரும்போதும் கட்டியிருந்தாள்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. அம்மா கஸ்தூரி மஞ்சள் வாங்கிக் கொடுத்தாள். குப்பைமேனியை அரைத்துப் பூசச் சொன்னாள். மஞ்சள் முகத்தில் கறுப்பு முடி இன்னும் பளிச்சென்று தெரிந்ததுதான் மிச்சம். “பிளேடு மட்டும் வெச்சிடாதம்மே, அப்புறம் ஆம்பள தாடி கணக்கா மொளச்சுக்கும்” என்று அம்மா பயமுறுத்தியும் வைத்திருந்தாள். பெண் பார்க்க இரண்டு வீட்டார் வந்தார்கள். வறுத்த இறாலை நன்றாகத் தின்றுவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். மூன்றாவதாக ஒரு வீட்டார் வருகிறோம் என்று சொல்லி அனுப்பியபோது அத்தையே வேண்டாம் என்றுவிட்டாள். நைனா ஏன் என்று கேட்டதற்கு, வலை தைக்க ஆள் வேண்டாமா என்று பதில் வந்தது.

பார்லர் யோசனை அத்தையுடையது. பொன்னேரியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது எதிரே ஒரு கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்திருக்கிறாள். ஒருத்தி நூலைப் பல்லில் கடித்து, இரண்டு கையால் முறுக்கி, இன்னொருத்தியின் புருவத்தில் ஓட்ட, முடி கொத்தாக வந்துவிட்டதாம். உள்ளே போக வெட்கம். டவலை அவிழ்க்கச் சொல்வார்களே! ஆனால் நூல் போகிற போக்கை மட்டும் கண்ணால் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். கிழிந்த வலையை ஒரு பார்வை பார்த்து எந்தக் கண்ணி எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று சொல்கிறவளுக்கு அதெல்லாம் பெரிய வித்தையா? தனக்குத்தானே செய்துகொண்டாள். தாடைக்கு அடியில் மட்டும் கண்ணாடியில் தெரியவில்லை. அதற்குத்தான் நான்.

எனக்கு ஆறு வயதிலிருந்தே வலை ஊசியில் நூல் சுற்றிப் பழக்கம். “நூலை முறுக்கு. வெரல விரி. இப்ப மூடு. ஆங், அப்படித்தான்!” இரண்டே வாரத்தில் கற்றுக்கொண்டேன். அத்தை மணலில் மல்லாந்து படுப்பாள். நான் தலைமாட்டில் முட்டி போட்டு, நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலையைத் தொடங்குவேன். வலிக்கும்போது அத்தையின் கால் கட்டைவிரல் மட்டும் மணலைத் தோண்டும். வாயிலிருந்து சத்தம் வராது. முடிந்ததும் தாடையைத் தடவிப் பார்த்து, “மொழமொழன்னு கீதுடி!” என்று என் கன்னத்தைக் கிள்ளுவாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சாமி மேல் சத்தியம் வாங்கியிருந்தாள். நானும் சொல்லவில்லை. எனக்கு அதில் இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

இன்னொரு விஷயத்தில் அத்தைக்கு ஊரில் ஏகப்பட்ட பெயர். எங்கள் பக்கத்தில், பெண்கள் மாதத்தில் அந்த மூன்று நாளும் வலையைத் தொடமாட்டார்கள். போட்டுக்கு எதிரில் வரமாட்டார்கள். பின்பக்கத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு அருகே ஒரு கீற்றுச் சாய்ப்பில் பாயைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். தூரம் என்று சொல்வார்கள். நைனா இதில் ரொம்பக் கறார். அம்மாவின் நிழல் வலைமேல் விழுந்தாலும் அன்றைக்கு மீன் படாததற்கு அதுதான் காரணம். அத்தையோ வருஷத்தில் இரண்டு தரம், மிஞ்சிப்போனால் மூன்று தரம்தான் தூரமாவாள். ஆகவே வலை தைப்பது, புது வலைக்குக் கற்பூரம் காட்டுவது, வெள்ளிக்கிழமை போட்டுக்கு விளக்கு வைப்பது எல்லாம் அவள் கைதான். “ஒந்தங்கச்சிய கொஞ்சம் அனுப்புப்பா, ராசியான கை” என்று மற்ற வீட்டுக்காரர்களும் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். நைனா அப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்.

எனக்கு இதில் சொந்தமாக ஒரு விளக்கம் இருந்தது. அம்மா மாதாமாதம் ஏதோ தப்புப் பண்ணுகிறாள், அதற்குத் தண்டனையாக மூன்று நாள் பின்பக்கம் உட்காரவைக்கிறார்கள். அத்தை ஒழுங்கானவள், அதனால் அவளுக்குத் தண்டனை எப்போதாவதுதான். என்ன தப்பு என்று கேட்டால், “பெரியவளானா தெரியும், போடி” என்றார்கள். கொஞ்ச நாள் அம்மாவைக் கண்காணித்துப் பார்த்தேன். குழம்பில் உப்பு கூடிப்போனதைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த வருஷம் நைனா புது போட் கட்டக் கொடுத்திருந்தார். தையில் இறக்குவதாக ஏற்பாடு. போட்டின் மூக்கான முன்னணியில் நின்று தேங்காய் உடைத்து, ஆரத்தி சுற்றி, கற்பூரம் காட்ட வேண்டியது அத்தை. வேறு யாரையும் நைனா நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. குப்பமே கரையில் நிற்கும், ஆளுக்கு ஆள் செல்போனில் படம் பிடிப்பார்கள். சாமி காரியத்துக்கு முக்காடாக டவல் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா?

“அன்னிக்கு ஒரு முடி தெரியக்கூடாதுடி” என்று அத்தை என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் சிறுத்துப் போயிருந்தது. “ஒரே ஒரு நாளு. எல்லாரும் பாக்கறாப்புல நான் நிக்கணும். அதுக்கப்புறம் இன்னா வேணா ஆவட்டும்.” அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை. ஆனால் எனக்கு அழுகை வந்தது. ஒரு முடி என்ன, ஒரு முடியின் வேர்கூட இருக்காது என்று சத்தியம் பண்ணினேன்.

போட் இறக்க ஒரு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தேன். நூல்கண்டைக் காணோம். அம்மா பூக்கட்ட எடுத்துத் தீர்த்திருந்தாள். அத்தை மீன் பிரித்த கையோடு வந்து, கண்ணை மூடிப் படுத்துவிட்டாள். வேறு பிள்ளையாக இருந்தால், நூல் இல்லை அத்தை என்று சொல்லியிருக்கும். நான் வலைக்காரன் பெண். எங்கள் வீட்டில் நூலுக்கா பஞ்சம்? நண்டு வலைக்கு வைத்திருந்த தங்கூஸ் நூலில் ஒரு முழம் அறுத்துக்கொண்டு வந்தேன். நைலான் நரம்பு. நண்டு இழுத்தால்கூட அறாது. பஞ்சு நூல் செய்கிற வேலையை இது இன்னும் சுத்தமாகச் செய்யும் என்று எனக்குப் பட்டது. பெருமையாகக்கூட இருந்தது.

முறுக்கினேன், விரித்தேன், சுண்டி மூடினேன். முடி வரவில்லை. தாடைக்கு அடியில் கோடு போட்டாற்போல் தோல் விலகி, ரத்தம் வந்தது.

அத்தை கத்தவில்லை. எழுந்து உட்கார்ந்து, டவலால் அழுத்திக்கொண்டு, என் கையிலிருந்த நூலைப் பார்த்தாள். “அடிப்பாவி, தங்கூஸா!” என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “கம்முனு இரு. ஒண்ணுமில்ல. கெளுத்தி முள்ளு குத்திடுச்சுன்னு சொல்லிக்கலாம்” என்றாள்.

கெளுத்தி முள் குத்துவது எங்கள் வீட்டில் தலைவலி மாதிரி. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அம்மா உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தாள். நைனா மட்டும், “கையில குத்தும், கால்ல குத்தும். தாடையில குத்தி நான் பாத்ததில்லையே” என்றார். “அது இன்னா, ஒன்னக் கேட்டுக்கினு குத்துமா?” என்று அம்மா அவர் வாயை அடைத்தாள். மூன்றாம் நாள் தாடை வீங்கி, அத்தைக்கு ஜுரம் கண்டது. நான் சோறு தின்னவில்லை. அத்தை செத்துப்போவாள், போலீஸ் வந்து தங்கூஸ் நூலைக் கண்டுபிடிக்கும் என்று முடிவு பண்ணிவிட்டேன். அம்மா அத்தையை பழவேற்காட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகக் கிளம்பியபோது, நானும் வருவேன் என்று அழுது ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணாடி போட்டிருந்தார். டவலை அவிழ்க்கச் சொன்னார். அத்தை அம்மாவைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், கடைசியில் அவிழ்த்தாள். முடி எடுத்துப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அம்மாவுக்கு விஷயம் தெரியும், ஆனால் இவ்வளவு என்று தெரியாது. “யம்மாடி” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“எப்படி ஆச்சு?” என்று டாக்டர் கேட்டார்.

“கெளுத்தி முள்ளு” என்றாள் அத்தை.

டாக்டர் காயத்தைத் துடைத்துக்கொண்டே, “முள் குத்தினா ஓட்டை இருக்கும். இது நூல் பிடிச்சாப்ல அறுத்திருக்கே. கெளுத்தி கத்தி வெச்சிருந்துச்சா?” என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. “கெளுத்தி இல்ல டாக்டர், நாந்தான்! தங்கூஸ்ல இழுத்துட்டேன்! எங்கத்தைய காப்பாத்துங்க!” என்று ஓவென்று கத்தினேன். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். சாமி மேல் போட்ட சத்தியம் அதோடு போயிற்று.

டாக்டர் திட்டவில்லை. நர்ஸிடம் தையல் நூல் கொஞ்சம் கேட்டு வாங்கி என்னிடம் நீட்டி, “எப்படி செய்வே, காட்டு” என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பல்லில் கடித்து முறுக்கிக் காட்டினேன். “கை சரியாத்தான் இருக்கு. நூல்தான் தப்பு” என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு அத்தை பக்கம் திரும்பினார். எத்தனை வருஷமாக முடி வருகிறது, எங்கெங்கே வருகிறது என்று கேட்டு எழுதினார். “மாசாமாசம் சரியா வருதா?” என்றார்.

அத்தை வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். இவ்வளவு நேரம் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தவளுக்கு, சொல்லிக்கொள்ள ஒரு நல்ல விஷயம் கிடைத்துவிட்டது. “அந்தத் தொல்லையே இல்ல டாக்டரம்மா! வருசத்துக்கு ரெண்டு வாட்டி வந்தா பெரிசு. அவ்ளோ சுத்தம். எங்க வூட்டு வலைக்கெல்லாம் அவ கைதான். ஊர்ல வந்து கேட்டு இட்டுகினு போவாங்க.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “இதை இதுவரைக்கும் எந்த டாக்டர்கிட்டயும் சொல்லலையா?”

“நல்லது நடக்கறதுக்குப் போயி யாராச்சும் டாக்டராண்ட வருவாங்களா?” என்று அம்மா கேட்டாள். கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

டாக்டர் சொன்னதில் எனக்கு அன்றைக்குப் புரிந்தது நூல் விஷயம் மட்டும்தான். மற்றதெல்லாம் பிற்பாடு, எனக்கே இருபது வயதில் தாடையில் நாலு முடி எட்டிப் பார்த்து, நான் மஞ்சள் குப்பைமேனி என்று அலையாமல் நேரே ஒரு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தபோதுதான் விளங்கியது. சீட்டின் பின்பக்கத்தில் கர்ப்பப்பையைப் படமாகப் போட்டு, பழவேற்காட்டு டாக்டர் அன்றைக்குச் சொன்னது இதுதான். ஆண்களுக்கு மீசை வளர்க்கிற ஹார்மோன் பெண்கள் உடம்பிலும் கொஞ்சம் உண்டு. அத்தைக்கு அது கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கலாம். அதனால்தான் தாடையில் முடி. அதனாலேயே கருமுட்டை மாதாமாதம் சரியாக வெளிவராமலும் போகலாம். ரத்தமும் ஸ்கேனும் பார்த்தால் உறுதியாகத் தெரியும். நிறையப் பெண்களுக்கு இருக்கிறது. இது யாருடைய தப்பும் இல்லை, சாபமும் இல்லை.

“ரெண்டும் ஒண்ணுதாம்மா” என்று அம்மாவிடம் சொன்னார். “நீங்க முடியை அசிங்கம்னு மறைச்சிருக்கீங்க. மாசம் வராததை வரம்னு கொண்டாடியிருக்கீங்க.”

அத்தை தலையை நிமிர்த்தினாள். மெதுவாக, “மூஞ்சி சரியாவுமா டாக்டரம்மா?” என்று கேட்டாள்.

“ஆகும். மாத்திரை எழுதித் தர்றேன், ஆனா அவசரப்படக்கூடாது. இப்ப இருக்கிற முடி மாத்திரைக்கு உதிராது. புதுசா வர்றது மெல்லிசாகும், மெதுவாகும். அதுக்கே ஆறு மாசம் ஆகலாம். அதுவரைக்கும் இந்தப் பார்லர்காரிகிட்டயே எடுத்துக்கங்க, பஞ்சு நூல்ல. ஷேவ் பண்ணாலும் தப்பில்ல, அடர்த்தியா மொளைக்கும்கிறது சும்மா. சிட்டியில லேசர் இருக்கு, அது அப்புறம் பாக்கலாம். தினம் நடங்க. மாசமும் மெதுவா ஒழுங்குக்கு வரும். கல்யாணம் கட்டி குழந்தைக்குப் பாக்கும்போது மட்டும் என்கிட்ட சொல்லணும், இதுல ஒரு மாத்திரை அப்போ கூடாது.”

அம்மாவுக்கு வேறு கவலை. “மாசாமாசம் வந்துட்டா, வலைய யாரு தொடறது?” என்றாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். “அதை உங்க வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க” என்றார்.

நைனாவிடம் கேட்டார்கள். அவர் குதித்தார். ராசியான கைக்கு யாராவது மருந்து கொடுத்துக் கெடுப்பார்களா, புது போட் வருகிற நேரத்தில் உங்களுக்கு ஏன் இந்தப் புத்தி என்று ஒரே சத்தம். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அத்தை மாத்திரைச் சீட்டை மடித்து டவலில் முடிந்துகொண்டு, வலைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் விட்டுவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அம்மாதான் விடவில்லை. நைனா சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, “ஒன் போட்டுக்கு ஒரு கை வோணும். அவளுக்கு ஒரு மூஞ்சி வோணாமா?” என்று கேட்டாள்.

நைனா கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். ஆனால் ஸ்கேனுக்கு பொன்னேரி போனபோது அவரே கூட வந்தார். ஸ்கேன் எடுக்குமுன் தண்ணீர் குடித்து அடக்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அத்தை ஊரிலேயே இரண்டு பாட்டில் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள். திருப்பாலைவனம் தாண்டுவதற்குள் ஒவ்வொரு பள்ளத்துக்கும், “அண்ணா, டிரைவராண்ட மெதுவா போவச் சொல்லு!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினாளாம். நைனா டிரைவரோடு சண்டைக்கே போய்விட்டார். டாக்டர் சந்தேகப்பட்டது சரிதான் என்று ஸ்கேனில் தெரிந்தது, சினைப்பைகளில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் இருந்தன.

காயம் ஆற நாளானதால் தையில் போட் இறக்கவில்லை. அப்புறம் இன்ஜின் வர இழுத்தது. மாசியில் நாள் சரியில்லை என்றார்கள், பங்குனியில் காற்று சரியில்லை. கடைசியில் வைகாசி வளர்பிறையில் நாள் குறித்தார்கள். அதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டது.

அந்த ஐந்து மாதமும் அத்தையும் அம்மாவும் தினம் விடிந்ததும் கரையோரம் நடந்தார்கள். தலையில் கூடை இல்லாமல், கையில் ஒரு வேலையும் இல்லாமல் இரண்டு பெண்கள் போய்விட்டு அப்படியே திரும்பி வருவதை எங்கள் குப்பம் அதுவரை பார்த்ததில்லை. “இன்னா தொலைச்சீங்க?” என்று கேட்காத ஆள் இல்லை. என் பார்லர் வீட்டுக்குள் வந்துவிட்டது. அம்மாவே பஞ்சு நூல்கண்டு வாங்கி, பூக்கட்ட எடுக்காமல் தனியாக வைத்தாள். ரகசியம் போய்விட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஒருநாள் அத்தை துணிந்து ஷேவ் பண்ணிப் பார்த்தாள். நானும் அம்மாவும் ஒரு வாரம் அவள் தாடையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆம்பளைத் தாடி எதுவும் முளைக்கவில்லை. எப்போதும் வருகிறதுதான் வந்தது. மாத்திரைக்கு முதல் இரண்டு மாதம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அத்தை சோர்ந்துபோய் உட்கார்ந்த நாட்கள் உண்டு. அப்புறம்தான், முன்பு ஒரு மணி நேரம் பிடித்த வேலை, அடுப்பில் உலை கொதிப்பதற்குள் முடிய ஆரம்பித்தது. டவல் தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கியது. கழுத்திலிருந்து தோளுக்கு வந்தது. ஒருநாள் கொடியிலேயே கிடந்தது. முடி முழுக்க நின்றுவிட்டது என்றோ, மாதம் ஒழுங்காக வர ஆரம்பித்துவிட்டது என்றோ பொய் சொல்லமாட்டேன். ஆனால் அத்தை எல்லோரையும் நேராகப் பார்த்துப் பேசினாள்.

போட் இறக்குகிற நாள் காலையில், அத்தை தலைக்குக் குளித்து, அரக்குச் சேலை கட்டி, பூ வைத்திருந்தாள். டவல் இல்லை. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தாள். எங்கத்தைதான் தேங்காய் உடைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். தட்டில் சூடத்தை வைத்துவிட்டுப் பின்பக்கம் போனவள், வெகுநேரம் வரவில்லை. வந்தபோது வாசற்படியில் ஏறாமல் வெளியே நின்றபடி, “அண்ணி, நான் தூரம்” என்றாள்.

மெதுவாகச் சொல்லவில்லை. தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டிருந்த நைனாவுக்குக் கேட்கிற மாதிரி, வாசலில் மேளக்காரர்களுக்குக்கூடக் கேட்கிற மாதிரி சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? கெளுத்தி குத்திற்று என்று அவ்வளவு சுலபமாகப் பொய் சொன்னவள்தானே! நைனா அவளைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார். இன்னொரு நாள் குறிக்கச் சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் தேங்காயை அம்மாவிடம் நீட்டி, “நீ வா” என்றார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கரைக்குப் போகாமல் பின்பக்கம் ஓடினேன். எங்கள் வீட்டின் பின்பக்கம் ஏரி, போட் இறக்குகிற கரையும் அதே ஏரியில்தான். சாய்ப்பில் பாயைப் போட்டு, அரக்குச் சேலையும் பூவுமாக அத்தை உட்கார்ந்திருந்தாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

“எதுக்குடி இங்க வந்து குந்திக்கினு கீற? போ, போயி தேங்கா ஒடைக்கறத பாரு” என்றாள்.

“வலிக்குதா அத்தே?”

“வலிக்குதுடி” என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “நல்லா வலிக்குது!” கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

அத்தைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பயந்து, கரைக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். “அத்தைக்கு வயிறு வலிக்குதாம். ஆனா சிரிக்குதும்மா!” உடைத்த தேங்காய் மூடி இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்த அம்மாவும் சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போட்டில் ஏறிக்கொண்டிருந்த நைனா காதில் அது விழுந்தது. அவர் இன்ஜினைக் கிளப்பினார்.

புது போட் முதல் ஓட்டத்தில், ஏரி கடலில் சேர்கிற முகத்துவாரத்தைப் பார்த்து, கடலுக்குத்தான் போகவேண்டும். எல்லோரும் அந்தப் பக்கம் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நைனா போட்டை மறுபக்கம் திருப்பினார். ஏரியோரமாகவே ஓட்டிக்கொண்டு போய், எங்கள் வீட்டுப் பின்பக்கத்துக்கு நேரே, மாலை போட்ட முன்னணி அத்தையைப் பார்த்து இருக்கும்படி நிறுத்தினார். கரையில் நீட்டிய செல்போன்களும் அந்தப் பக்கம் திரும்பின. அத்தை பாயிலிருந்து எழுந்து நின்றாள். வெயில் அவள் முகத்தில் நேராக விழுந்தது. அவள் கையை உயர்த்தி ஆட்டினாள். நைனா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து ஆட்டினார்.

போட் ஏன் அங்கே போகுது என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். “கம்முனு பாருடி” என்றாள். பார்த்தேன். இத்தனை வருஷம் ஒழுங்காக இருந்த அத்தை போயும் போயும் இன்றைக்கு என்ன தப்புப் பண்ணித் தொலைத்தாள், தப்புப் பண்ணியவளுக்கு எதற்கு இவ்வளவு மரியாதை என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமே விளங்கவில்லை.